எந்த ஃபேண்டஸி நாவல் வரிசையைப் படிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பழைய புத்தகம் விற்கிறவன் நான். பள்ளிக்கூடம் விட்டதும் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள், பொறியியல் மாணவர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், அம்பாசமுத்திரத்தில் இருந்தும் கோவில்பட்டியில் இருந்தும் போனில் கூப்பிடுகிறவர்கள் எனப் பலரும் டிராகனும் மந்திரவாதியும் வரும் அந்தத் தடித்த ஆங்கில நாவல்களைப் பற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் என் சொந்தக் கருத்து. ஒத்துப்போகாதவர்கள் கடைக்கு வந்து சண்டை போடலாம், டீ என் செலவு.

ஒரு வரிசை தேறும், இன்னொன்று தேறாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் அண்ணாச்சி?

கோயில் கொடைத் திருவிழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் அளவுகோலையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டேன்.

முதலில், வரத்துக்கு விலை இருக்கிறதா என்று பார்ப்பேன். சுடலைமாடன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வதி ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பிள்ளைதான். ஆனால் சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றதும் அவனுக்குக் கைலாயத்தில் இடம் இல்லாமல் போகிறது. அவனோடு மோதுகிற மலையாள மந்திரவாதி காளிப்புலையன் தன் மந்திர பலத்துக்குப் பெற்ற மகளையே விலையாகக் கொடுக்க நேர்கிறது. யாருக்கும் எதுவும் இனாமாகக் கிடைக்காத உலகம் அது. கோலை ஆட்டினால் எல்லாம் சரியாகிவிடும் கதை என்றால் எனக்குப் பத்தாவது பக்கத்தில் கொட்டாவி வந்துவிடும்.

அடுத்தது, எடுத்த கதையை முடிக்கிறார்களா என்பது. வில்லுப்பாட்டுக்காரர் காப்புப் பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, அதன் பிறகுதான் கதைக்குள் போவார். போனால் முடித்து, வாழி பாடிவிட்டுத்தான் எழுந்திருப்பார். “மீதி பத்து வருடம் கழித்து” என்று சொல்லிவிட்டு வில்லைத் தூக்கிக்கொண்டு போனால் ஊரார் சும்மா விடுவார்களா? ஆங்கில ஃபேண்டஸியில் இது சகஜமாக நடக்கிறது. பெயர் சொல்லிக் கீழே திட்டியிருக்கிறேன்.

முன்பக்கத்தில் வரைபடம் இருப்பதும், பின்பக்கத்தில் அகராதி இருப்பதும் எனக்குப் பொருட்டே இல்லை.

இதுவரை ஒன்றும் படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ வரிசையில். கேட்கிறவர் வயது பதின்மூன்றோ அறுபதோ, என் பதில் மாறாது.

முதல் நூல் 1968இல் வந்தது. இருநூறு பக்கத்தை ஒட்டித்தான் இருக்கும், ஒரு வாரக்கடைசியில் முடித்துவிடலாம். கோண்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் ஒரு பையன். அவன் பெரியம்மா ஊர் மந்திரக்காரி. அவள் ஆட்டைக் கூப்பிடச் சொன்ன சொல்லை இவனும் சொல்லிப் பார்க்க, ஆடுகள் எல்லாம் வந்து அவனை நெருக்கிக்கொண்டு விலக மறுக்கின்றன. திறமை இருப்பது தெரிந்துவிடுகிறது. பிறகு ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். அங்கே சக மாணவனிடம் வீம்புக்குச் சவால் விட்டு, செத்தவர்களின் உலகில் இருந்து ஓர் ஆவியை அழைக்கிறான். திறந்த அந்தப் பிளவின் வழியே ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. பிளவை மூடிய தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். அதன் பிறகு புத்தகம் முழுவதும் அந்த நிழலும் அவனும்தான். பெரிய போர் இல்லை, படை இல்லை, சிம்மாசனம் இல்லை. ஒருவன் செய்த காரியம் அவனைத் துரத்துகிறது, அவ்வளவுதான் கதை. பையனின் பெயர் கெட். நிறம் செம்பழுப்பு. அந்தக் காலத்து ஃபேண்டஸி நாயகர்கள் எல்லாம் வெளுத்த தோல்காரர்களாக இருந்தபோது லெ குவின் தெரிந்தேதான் அப்படி எழுதினார்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த ஆள் கெட்டின் முதல் குரு ஓகியன். நிலநடுக்கத்தையே அடக்கியவர் என்று பெயர் பெற்றவர். மழை வந்தால் மற்ற மந்திரவாதிகள் மேகத்தை அடுத்தவன் தலைக்குத் தள்ளிவிடுவார்கள். இவர் மரத்தடியில் படுத்து நனைவார். பையனுக்கு எரிச்சலாக வருகிறது: மழையைக்கூட நிறுத்தாதவருக்கு மந்திரம் எதற்கு? ரோக் பள்ளியில்தான் அவனுக்கு விளக்கம் கிடைக்கிறது. ஒரு தீவில் நீ வரவழைக்கும் மழை இன்னொரு தீவின் வறட்சியாக இருக்கலாம் என்கிறார்கள். இந்த இடத்தை ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கும் ஒரு நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். மேலே பாபநாசத்தில் மதகை எப்போது திறப்பார்கள், மேற்கே எத்தனை கால்வாய் தாண்டித் தண்ணீர் கடைமடைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிற மனிதர். “இந்த அம்மா விவசாயக் குடும்பமா?” என்று கேட்டார். இல்லை, அப்பா மானுடவியல் பேராசிரியர்.

இரண்டாம் நூல் 1971இல் வந்த ‘அடுவானின் கல்லறைகள்’. சிறு வயதிலேயே குடும்பத்தில் இருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டு, பெயரும் பிடுங்கப்பட்டு, இருட்டுச் சக்திகளுக்குப் பூசாரியாக்கப்படும் டெனார் என்ற பெண்ணின் கதை. பாதிப் புத்தகம் வரை கெட் தலையே காட்டுவதில்லை. என்னைக் கேட்டால் முதல் நூலைவிட இதுதான் ஒரு படி மேல். மூன்றாவது 1972இல் வந்தது. அதோடு நிறுத்தினாலும் நிறைவாகவே இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் 1990இல் வந்த நான்காவதையும் விட வேண்டாம். நடுவயது டெனாரும், தீயில் சுட்டு வீசப்பட்ட ஒரு குழந்தையும். மந்திரம் மிகக் குறைவு, கோபம் நிறைய. சிறுவயதில் முதல் மூன்றை ரசித்த சிலருக்கு இது பிடிப்பதில்லை. மொத்தம் ஆறு நூல்கள், கடைசி இரண்டும் 2001இல் வந்தன.

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படம் மூன்றையும் பார்த்துவிட்டேன். புத்தகமும் படிக்க வேண்டுமா?

வேண்டும். டோல்கீன் எழுதியது. 1954, 55இல் மூன்று தொகுதிகளாக வந்தாலும் ஒரே நாவல்தான், ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். அதற்கு முன்பு 1937இல் வந்த ஹாபிட் சிறுவர்களுக்கானது. அதை முதலில் படித்துவிட்டு வந்தால் பாதை சுலபம்.

“ஆரம்பம் நகரவே மாட்டேன் என்கிறது” என்று புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் பலர். அது நாட்டு வளம், ஐயா. வயலும் ஆறும் சாப்பாடும் பிறந்தநாள் விருந்தும் வருகிற அந்தப் பக்கங்களை அவசரப்படாமல் கேட்டால்தான், பின்னால் அந்த ஊரை இழக்கும்போது வலிக்கும். நடுவே வரும் பாட்டுகளை முதல் வாசிப்பில் தாண்டிப் போகலாம், குற்றமில்லை.

படத்தில் இல்லாத ஒரு பகுதிக்காகவே புத்தகத்தைச் சிபாரிசு செய்வேன். எல்லாப் போரும் முடிந்து, கதையின் நாயகர்களான நான்கு ஹாபிட்டுகளும் (குள்ள மனிதர்கள்) ஊர் திரும்புகிறார்கள். ஊர் ஊராக இல்லை. சாலையோர மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஆற்றங்கரை மில் கழிவைத் தண்ணீரில் கலக்கிறது, வேலியும் காவலும் சட்டப் பலகையுமாக யாரோ நாட்டாமை செய்துகொண்டிருக்கிறான். உலகத்தைக் காப்பாற்றியவர்கள் சொந்த ஊருக்காகக் கம்பைத் தூக்க வேண்டியிருக்கிறது. தாமிரபரணிக் கரையில் நின்று பார்க்கிற எவருக்கும் இந்த அத்தியாயத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. திரைக்கதைக்கு நீளம் என்று விட்டிருப்பார்கள். எனக்கு மனத்தாங்கல்தான்.

விலை என்ற கணக்கிலும் டோல்கீன் கறாரானவர். அழிக்க வேண்டிய தீய மோதிரத்தைச் சுமந்த ஹாபிட் ஃப்ரோடோ கடைசி நொடியில் அதை எறிய முடியாமல் தோற்கிறான். வேலை முடிந்தது வேறொருவன் பேராசையால். ஊர் திரும்பிய பிறகும் அவனுடைய காயம் ஆறுவதில்லை. 1916இல் முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்தில் இருந்தவர் டோல்கீன். வெற்றி பெற்றவன் நலமாக வீடு திரும்புவான் என்று அவரால் எழுத முடியவில்லை. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்தார். ‘தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு’ என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் ஊரில் அவர் புத்தகம் ஒழுங்காக விற்பனையாவது முறையும்கூட.

சில்மரில்லியனை யாரும் முதலில் எடுக்காதீர்கள். அவர் மறைந்த பிறகு மகன் தொகுத்து 1977இல் வெளியிட்டது. டோல்கீன் பைத்தியம் முற்றியவர்களுக்கு மட்டும்.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் நாவல்கள் எப்படி?

முதல் மூன்றும் (1996 முதல் 2000 வரை) அபாரம். ஓர் அத்தியாயத்தில் நாம் வெறுத்த ஆளின் மண்டைக்குள் அடுத்த அத்தியாயத்தில் உட்கார வைத்து, அவன் பக்க நியாயத்தையும் கேட்க வைக்கிறார் இவற்றை எழுதிய ஜார்ஜ் மார்ட்டின். நல்லவன் என்ற ஒரே தகுதிக்காக யாரும் பிழைப்பதில்லை. மூன்றாம் நூலில் ஒரு கல்யாண வீடு வருகிறது. படித்த ராத்திரி தூக்கம் வராது.

நான்காவது 2005இல், ஐந்தாவது 2011இல். ஆறாவது இன்னும் வரவில்லை. ஏழு என்று திட்டம். தொலைக்காட்சித் தொடர் 2019இலேயே தன் பாட்டுக்கு ஒரு முடிவு சொல்லிக் கிளம்பிவிட்டது, மூல நூல் நடுவழியில் நிற்கிறது. ஐந்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பேன். மூன்றாவதோடு நிறுத்தினால் ஓரளவு மூச்சு விட இடம் கிடைக்கும்.

பிளஸ் டூ படிக்கும் மகனுக்குப் பரிசாக வாங்க வந்த அப்பாக்கள் சிலரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வன்முறையும் பாலியல் கொடுமையும் ஏராளம். பெரியவர்கள் நூல் அது.

இப்படிப் பாதியில் நிற்கும் வரிசைகள் வேறு எவை?

பேட்ரிக் ராத்ஃபஸ்ஸின் மூன்று நூல் வரிசைதான் அதிகம் பேர் ஏமாந்தது. 2007, 2011இல் இரண்டு நூல்கள் வந்தன. மூன்றாவது இல்லை. நடை அவ்வளவு அழகு, அதனால்தான் கோபமும் அதிகம்.

நேர் எதிர் உதாரணம் ராபர்ட் ஜோர்டனின் வீல் ஆஃப் டைம். 1990இல் தொடங்கினார், 2007இல் நோயில் இறந்துபோனார். இறப்பதற்கு முன் முடிவுக்கான குறிப்புகளை எழுதியும் சொல்லியும் வைத்தார். அவருடைய பதிப்பாசிரியராகவும் இருந்த மனைவி, பிராண்டன் சாண்டர்சன் என்ற இளைய எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்து வேலையை ஒப்படைத்தார். கடைசி மூன்று நூல்கள் அப்படி வந்தவை, 2013இல் பதினான்காவதோடு கதை முடிந்தது. வில்லுப்பாட்டுத் தலைவரான அண்ணாவி கண்ணை மூடிவிட்டாலும் பக்கத்தில் இருந்த ஆள் வில்லடிக்கும் வீசுகோலை எடுத்து வாழி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

படிக்கலாமா என்றால், தயக்கத்தோடு ஆம். நாற்பது லட்சம் சொற்களுக்கு மேல். ஏழில் இருந்து பத்து வரை கதை நத்தை வேகத்தில் போகும், பெண்கள் எல்லோரும் சடையை இழுத்துக்கொண்டே கோபப்படுவார்கள். வாராவாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய்வருகிறவர் என்றால் தைரியமாகத் தொடங்கலாம். மூன்றாம் நூலிலும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதன்பின் மனம் மாறாது.

சாண்டர்சனின் சொந்த நூல்கள்? எங்கள் கல்லூரி விடுதியில் எல்லோரும் அதைத்தான் படிக்கிறார்கள்.

விடுதிப் பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில் வியப்பே இல்லை. மிஸ்ட்பார்ன் வரிசையில் (2006 முதல் 2008) உலோகத் துகளை விழுங்கி வயிற்றுக்குள் ‘எரித்தால்’ சக்தி வரும். இரும்பு இழுக்கும், எஃகு தள்ளும், வெள்ளீயம் புலன்களைக் கூர்மையாக்கும். உலோகம் தீர்ந்தால் சக்தியும் தீர்ந்தது. தள்ளுகிறவன் எடை குறைவென்றால் அவனே தெறித்துப் போவான். நியூட்டனின் மூன்றாம் விதியைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்குச் சண்டைக் காட்சிகள் எல்லாம் கணக்குப் போட்ட மாதிரியே இனிக்கும். சக்திக்கு விலை உண்டு, கதை முடிகிறது, மூன்றாம் நூலின் முடிவு உண்மையாகவே எதிர்பாராதது. என் இரண்டு அளவுகோலிலும் தேறிவிட்டார்.

குறை என்றால் நடைதான். தண்ணீர் மாதிரி தெளிவு, தண்ணீர் மாதிரியே சுவையும். லெ குவினின் ஒரு பத்தியைப் படித்துவிட்டு இவரிடம் வந்தால் தெரியும். பெரிய வரிசையான ஸ்டார்ம்லைட் பத்து நூல் திட்டம். 2010 முதல் 2024 வரை ஐந்து வந்து முதல் சுற்று முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். படுத்துக்கொண்டு படித்தால் மூக்கில் விழும் ஆபத்து உண்டு.

அண்ணாச்சி, என் மகள் ஆறாம் வகுப்பு. ஆங்கிலம் சுமார்தான். என்ன கொடுக்கலாம்?

ஹாரி பாட்டர் தமிழில் வந்திருக்கிறது, அதில் தொடங்குங்கள் அம்மா. ஏழு நூல்கள், 1997 முதல் 2007 வரை ஆங்கிலத்தில் வந்தவை. பிள்ளையோடு சேர்ந்து கதையும் வளரும் வரிசை என்பதால் ஒரே லீவில் ஏழையும் கொடுக்க வேண்டாம். முதல் மூன்றும் இப்போது. நான்காவதில் இருந்து புத்தகமும் தடிக்கும், சாவும் வரும். எட்டாம் வகுப்பு வரை காத்திருக்கலாம்.

ஆங்கிலம் கொஞ்சம் தேறியதும் பெர்சி ஜாக்சன். கிரேக்கத் தெய்வங்கள் இன்றைய அமெரிக்காவில் சுற்றித் திரியும் கதை. முதல் ஐந்து நூல்களும் (2005 முதல் 2009) விறுவிறுப்பு. படிப்பு ஏறாதவன் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் துரத்தப்படும் பையன்தான் நாயகன். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் இவனோடு சட்டென்று ஒட்டிக்கொள்கிறார்கள்.

விக்கிரமாதித்தன் கதைகளையும் மதனகாமராஜன் கதையையும் வீட்டில் வைத்திருங்கள். பாட்டி இருந்தால் இன்னும் விசேஷம், புத்தகச் செலவு மிச்சம்.

நாங்கள் நாசரேத் பக்கம். மந்திரக் கதை படிப்பது விசுவாசத்துக்கு ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்ய?

இந்தக் கேள்வி மெஞ்ஞானபுரத்தில் இருந்தும் பாளையங்கோட்டைக்குள்ளேயே இருந்தும் வருகிறது. வீட்டுப் பெரியவர்களோடு மோத என்னால் ஆயுதம் தர முடியாது தங்கச்சி, தகவல் தருகிறேன்.

நார்னியா வரிசையின் ஏழு நூல்களையும் (1950 முதல் 1956) எழுதிய சி. எஸ். லூயிஸ், கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடி நூல்கள் எழுதியவர். அஸ்லான் என்ற சிங்கம் அடுத்தவன் குற்றத்துக்காகத் தன் உயிரைக் கொடுத்து மீண்டும் எழுகிறது. அது யார் என்று ஞாயிறு பள்ளிக்குப் போன குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாத்திகராக இருந்த லூயிஸ் விசுவாசத்துக்குத் திரும்பியதில் 1931இல் நண்பர் டோல்கீனோடு நடந்த நீண்ட ராப்பேச்சுக்குப் பங்கு உண்டு. டோல்கீன் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆக ஆங்கில ஃபேண்டஸியின் இரண்டு பெரிய தூண்களை நட்டவர்களே கோயிலுக்குப் போனவர்கள்தான். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பிலிப் புல்மனின் மூன்று நூல்கள் (1995 முதல் 2000) எதிர்த் திசை. திருச்சபை அதிகாரத்தை நேரடியாகவே எதிர்த்து எழுதப்பட்டவை. ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவும் ஒரு மிருக வடிவில் வெளியே கூடவே நடந்து வரும் அந்தக் கற்பனைக்காக எனக்கு அவை மிகவும் பிடிக்கும். ஆனால் இன்னது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். ஒளித்து வைத்துப் படித்து மாட்டிக்கொண்டு என் கடைப் பெயரைச் சொல்ல வேண்டாம்.

பெண்கள் எழுதியவற்றில் லெ குவின் தவிர?

ராபின் ஹாப், என். கே. ஜெமிசின்.

ஹாப் எழுதிய ஃபார்சீர் மூன்று நூல்கள் (1995 முதல் 1997) இளவரசனுக்கு முறை தவறிப் பிறந்த ஒரு பையனின் சுயசரிதை. அரண்மனை அவனைக் குதிரைக்காரனிடம் விட்டுவிடுகிறது, பிறகு ரகசியக் கொலைகாரனாகப் பழக்குகிறது. மிருகங்களின் மனத்தோடு பேசும் வரம் அவனுக்கு உண்டு. ஊர் அதை இழிவாக நினைப்பதால் வெளியே சொல்ல முடியாது. ஒரு ஓநாய் வருகிறது. அதைப் பற்றி மேலே சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், படித்துக்கொள்ளுங்கள். மெதுவான கதை. அதே உலகத்தில் பதினாறு நாவல்கள் எழுதி 2017இல் முடித்தும் வைத்தார்.

ஜெமிசினின் மூன்று நூல்கள் (2015 முதல் 2017) ஒவ்வொன்றும் அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் தரப்படும் ஹியூகோ விருதைச் சிறந்த நாவலுக்காக வாங்கின. தொடர்ந்து மூன்று ஆண்டு அந்த விருதை வென்ற முதல் எழுத்தாளர் அவர். நிலநடுக்கத்தை அடக்கவும் கிளப்பவும் முடிந்த ஒரு மக்கள் கூட்டம், அவர்களை நம்பியே பிழைத்துக்கொண்டு அவர்களையே அடிமைகளாக வைத்திருக்கும் ஒரு நாடு. நாயகி நடுவயதுத் தாய். யாருடைய உழைப்பால் ஊர் நிற்கிறதோ அவர்களையே ஊருக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமா என்ன? நம் பக்கத்தில் அதற்குத் தெருக்கணக்கே உண்டு. சில அத்தியாயங்கள் ‘நீ’ என்று வாசகரை விளித்தே போகும். முதல் ஐம்பது பக்கம் தலை சுற்றினாலும் விடாதீர்கள்.

சிரிக்கச் சிரிக்க ஏதாவது?

டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட். 1983இல் இருந்து 2015 வரை நாற்பத்தொரு நாவல்கள். வரிசையாகப் படிக்கும் கட்டாயம் இல்லை. முதல் நூலில் தொடங்காதீர்கள், அப்போது அவருக்கே கை பழகவில்லை. எமன் தனக்கு ஓர் உதவியாளனை வேலைக்குச் சேர்க்கும் ‘மோர்ட்’ (1987) அல்லது நகரக் காவலர்கள் வரும் ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) எடுங்கள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு அடிக்கும் அந்தக் குசும்பு நெல்லைக்காரர்களுக்கு நன்றாகவே செரிக்கும்.

நம் புராணத்தை வைத்து எழுதியவை?

அமிஷ் திரிபாதியின் சிவன் வரிசை (2010 முதல் 2013) எல்லோரும் கேட்பது, தமிழிலும் உண்டு. சிவன் மனிதனாகப் பிறந்து செயலால் தெய்வமானவன் என்ற யோசனை நல்ல யோசனை. வேகமும் இருக்கிறது. ஆனால் பாத்திரங்கள் நின்று நின்று சொற்பொழிவு செய்கிறார்கள். பஸ் பயணத்துக்குச் சரி.

தமிழில் கனமாக வேண்டும் என்றால் ஜெயமோகனின் விஷ்ணுபுரம் (1997). வரிசை அல்ல, ஒரே நாவல். படுத்திருக்கும் விஷ்ணு சிலை மிகப் பெரியது, யாராலும் ஒரே பார்வையில் முழுதாகக் காண முடியாது. அதைச் சுற்றி எழுந்து, தழைத்து, அழியும் ஒரு கோயில் நகரம்தான் கதை. அவருடைய வெண்முரசு மகாபாரதத்தின் மறுஆக்கம். 2014 முதல் 2020 வரை இருபத்தாறு நாவல்கள் எழுதி முடித்தார். முடிப்பது பற்றி மார்ட்டினுக்கு யாராவது இதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பொன்னியின் செல்வன் ஃபேண்டஸியா?

இல்லை. சரித்திர நாவல். ஆனால் அந்த ஐந்து பாகத்தை முடித்தவர் மேலே சொன்ன எதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

நம் ஊர்க் கதைகளை வைத்து இப்படி ஒரு வரிசை ஏன் வரவில்லை?

சரக்கு இல்லாமல் இல்லை. முத்துப்பட்டன் கதையையே பாருங்கள். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க எல்லாவற்றையும் துறந்து, செருப்புத் தைத்து, மாட்டுக் காவலனாகி, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். அவன் சிதையில் அந்த இருவரும் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் இன்றும் பட்டவராயனாக நிற்கிறான். ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் கூட்டம் தாங்காது.

சிக்கல் அங்கேதான். டோல்கீன் எடுத்துக்கொண்ட வட ஐரோப்பியத் தெய்வங்களுக்கு அவர் காலத்தில் கொடை நடத்துகிறவர்கள் இல்லை. யாரும் கேட்க வரவில்லை. நம் மாடனுக்கும் இசக்கிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, பூசை இருக்கிறது, சாதி இருக்கிறது. பெயரை எடுத்து வாளைக் கையில் கொடுத்துச் சாகசம் எழுதினால் ஒரு பக்கம் அவமரியாதை ஆகும், இன்னொரு பக்கம் கதையின் உள்ளே இருக்கும் சாதிக் கொடுமை வெறும் அலங்காரமாகிவிடும். பெயர்களை விட்டுவிட்டு, அந்த உலகத்தின் விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத வேண்டும். அநியாயமாகச் செத்தவர் தெய்வமாவார், கொன்றவன் வம்சமே அவருக்குப் படையல் போடும் என்ற விதி ஒன்று போதும், ஐந்து நூல் எழுதலாம். நெல்லைக்காரரான புதுமைப்பித்தன் சிறுகதை அளவில் வாசலைத் திறந்து வைத்துவிட்டே போனார். ‘கபாடபுரம்’, ‘பிரம்ம ராக்ஷஸ்’ இரண்டையும் படியுங்கள். 1948லேயே போய்விட்டார், நாற்பத்திரண்டு வயதில்.

எழுதுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கையெழுத்துப் பிரதியோடு கடைக்கு வரலாம்.

ஆங்கிலம் கடினமாக இருக்கிறதே?

அகராதியை மூடி வையுங்கள். பாதி வார்த்தை ஆசிரியரே உண்டாக்கியது, எந்த அகராதியிலும் இருக்காது. ஆங்கிலேய வாசகருக்கும் அது புதுசுதான். ஐம்பது பக்கம் பொறுத்தால் தானாகப் பிடிபடும். எளிமை வரிசையில் சொன்னால்: பெர்சி ஜாக்சன், மிஸ்ட்பார்ன், எர்த்சீ, அதற்கப்புறம் மற்றவை.

எங்கே கிடைக்கும்? நீங்கள் இரவல் தருவீர்களா?

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் முதலில் பாருங்கள். புத்தகத் திருவிழா நடக்கும்போது தள்ளுபடியில் வாங்கலாம். நடைபாதையில் விற்கும் கள்ள அச்சுப் பிரதிகளில் எழுத்து மங்கலாக இருக்கும், சில சமயம் நடுவில் ஒரு கட்டுப் பக்கமே இருக்காது. பத்தாயிரம் வரியைத் தாண்டி வந்த பிறகு அது தெரிந்தால் என்னிடம் அழாதீர்கள்.

இரவல் தருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும், முன்பணம் வாங்கிக்கொண்டு. எர்த்சீ இரண்டாம் நூல் இப்போது தென்காசியில் ஒருவரிடம் இருக்கிறது, குற்றால சீசன் முடிந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் வேண்டுமானால் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.